லினக்ஸ் அண்ணன்

2025இல் ஊருக்கெல்லாம் தீபாவளி அக்டோபர் 20. லினக்ஸ் அண்ணன்களுக்கு மட்டும் 14ஆம் தேதியே வந்துவிட்டது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திய நாள் அது. விண்டோஸ் 11 ஏறாத பழைய லேப்டாப் எந்தப் பெரியப்பா வீட்டில் இருக்கிறது, எந்தச் சித்தி வீட்டு அலமாரியில் தூங்குகிறது என்று மனசுக்குள் ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு அண்ணன் புறப்பட்டுவிட்டார்.

அண்ணனைக் கண்டுபிடிப்பது சுலபம். மற்றவர்கள் சாவிக்கொத்தில் வேலோ பிள்ளையாரோ தொங்கும் இடத்தில் இவருக்குப் பென்டிரைவ் தொங்கும். அதில் விண்டோஸுக்குப் பதிலாக ஏற்றிக்கொள்ள நாலு வகை லினக்ஸ் இருக்கும். அவர் கல்லூரியில் படிக்கும்போது உபுண்டு லினக்ஸ் குறுந்தகட்டைக் கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2011இல் அதை நிறுத்தினார்கள். அப்படி வந்த உறையைக்கூட இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார். கல்யாண ஆல்பம் எங்கே என்று கேட்டால் அண்ணியைக் கை காட்டுவார்.

தீராத மனக்குறையும் ஒன்று உண்டு. தமிழக அரசு 2011இல் மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. அது சென்னை சி-டாக் நிறுவனத்தில் உருவானது. "நம்ம ஊர்ல செஞ்சதுடா! ஒருத்தனாவது அந்தப் பக்கம் பூட் பண்ணிப் பார்த்தானா?" இதைக் கல்யாணப் பந்தியில் பாயசம் வரும்போதுகூட ஆரம்பித்துவிடுவார். பக்கத்து இலைக்காரர் மோருக்குக் காத்திராமல் எழுந்துவிடுவது வழக்கம்.

பெரியப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். கரண்ட் பில் கட்ட வேண்டும், லேப்டாப் மெதுவாக இருக்கிறது.

"அஞ்சு நிமிஷம் பெரியப்பா. புதுசு மாதிரி ஆக்கிடறேன்."

உண்மையிலேயே ஆக்கிவிடுவார். இப்போதெல்லாம் லினக்ஸ் ஏற்றுவது வெகு சுலபம். மொழி, ஊர், கடவுச்சொல் என்று நாலு கேள்விதான். பெரியம்மா காபி கலப்பதற்குள் முடிந்துவிட்டது. திரையில் மலையும் ஏரியும் பளபளவென்று தெரிகின்றன. பெரியப்பா முகத்திலும் அதே வெளிச்சம். அப்புறம்தான் வலது மூலையில், வைஃபை குறி இருக்க வேண்டிய இடம் காலியாக இருப்பதைப் பார்த்தார்.

"நெட் எங்கப்பா?"

அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "இன்ட்ரஸ்டிங்" என்றார்.

"தெரியவில்லை" என்று அண்ணன் ஒருநாளும் சொன்னதில்லை. "இன்ட்ரஸ்டிங்" என்பார். இந்த வார்த்தை வாயில் வந்துவிட்டால் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு இங்கேதான். விவரம் தெரிந்த பெரியம்மாக்கள் உடனே இன்னொரு ஆழாக்கு அரிசியைச் சேர்த்துக் களைந்துவிடுவார்கள்.

கறுப்புத் திரை திறக்கிறது. அதில் லினக்ஸின் உட்கருவான கெர்னலின் புலம்பல் வரிவரியாக ஓடுகிறது. ஜாதகக் கட்டத்தைப் பார்க்கும் ஜோசியர் மாதிரி அண்ணன் உதட்டைப் பிதுக்கி, "ம்… ம்…" என்று தலையாட்டுகிறார். கிடைத்த சாக்கில் பாடமும் நடக்கிறது. வைஃபை அட்டை என்பது தனக்குள்ளேயே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். பெரும்பாலானவற்றுக்கு ஒவ்வொரு முறை எழும்போதும் ஃபர்ம்வேரை வெளியிலிருந்து ஊட்ட வேண்டும். அந்த ஃபர்ம்வேரோ சிப் செய்த கம்பெனியின் சொத்து. அதை அதிகாரபூர்வ நிறுவும் கோப்பில் சேர்க்கவே மாட்டோம் என்று டெபியன் லினக்ஸ்காரர்கள் வெகுகாலம் விரதம் இருந்தார்கள். 2022இல் ஓட்டெடுப்பு நடத்தி விரதத்தை முடித்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12இலிருந்துதான் நிறுவும் கோப்பிலேயே அது சேர்ந்து வருகிறது. அதற்குப் பிறகும் சில சிப்புகளுக்கு டிரைவரைத் தனியாகத் தேடித்தான் போட வேண்டியிருக்கிறது.

"சரிப்பா, டிரைவரைப் போடு."

"அதை நெட்லேர்ந்துதான் பெரியப்பா இறக்கணும்."

பெரியப்பா ரெவின்யூ டிபார்ட்மென்டில் இருந்து ஓய்வு பெற்றவர். ரேஷன் கார்டு வாங்க இருப்பிடச் சான்று, இருப்பிடச் சான்று வாங்க ரேஷன் கார்டு என்று எத்தனையோ பேரை அலைய விட்ட அனுபவஸ்தர். அவருக்கு இது ஒரு நொடியில் விளங்கிவிட்டது. முதன்முறையாக லினக்ஸ் மேல் மரியாதைகூட வந்த மாதிரி தெரிந்தது.

அண்ணனிடமா வழியில்லை? பெரியம்மாவின் போனை வாங்கி, யூஎஸ்பி கேபிளில் சொருகி, டெதரிங்கைத் தட்டினார். நெட் வந்தது. டிரைவர் இறங்கியது. இறங்கியும் ஏறவில்லை. செக்யூர் பூட் என்ற காவல்காரன் கையெழுத்தில்லாத டிரைவரை உள்ளே விடமாட்டான். கையெழுத்தை ஏற்க வைக்க ஒரு கடவுச்சொல் வைத்து, மறுபடி பூட் செய்து, வருகிற நீலத் திரையில் சம்மதம் சொல்ல வேண்டும். அந்தத் திரை பத்து விநாடிதான் காத்திருக்கும். சரியாக அந்தப் பத்து விநாடியில் பெரியம்மா வடை கொண்டுவந்தார். அண்ணன் வடையை எடுத்தார். திரை போய்விட்டது. முதலிலிருந்து இன்னொரு தரம்.

ஒருவழியாக வைஃபை குறி முளைத்தது. ரவுட்டர் பெயரும் தெரிகிறது. பக்கம் மட்டும் திறக்கவில்லை. "பிங் போட்டுப் பார்ப்போம்" என்று 8.8.8.8ஐத் தட்டினார் அண்ணன். விண்டோஸில் பிங் நாலு முறை தட்டிவிட்டு ஓய்ந்துவிடும். லினக்ஸில் கன்ட்ரோல் சி கொடுக்கும்வரை நிற்காது. வரி வரியாகப் பதில் வந்து குவிகிறது. அதைப் பார்த்து அண்ணன் கண்ணில் தண்ணீர் வராத குறை.

"வருது பாருங்க பெரியப்பா, வருது பாருங்க!"

"எது?"

"பாக்கெட்!"

பெரியப்பா வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

எண்ணைத் தட்டினால் போகிறது, பெயரைத் தட்டினால் போகவில்லை என்றால் கோளாறு டிஎன்எஸ்ஸில். பெயரை எண்ணாக மாற்றிக் கொடுக்கிற வேலை அதனுடையது. இதைச் சொல்லும்போது அண்ணனுக்கு இருந்த குதூகலம், சரிசெய்து முடித்தபோது இல்லை. கோளாறு இருக்கும்வரைதான் அவருக்கு அந்த லேப்டாப் மேல் பிரியம். பக்கம் திறந்ததும் கொட்டாவி விட்டார்.

இதற்கிடையில் பெரியம்மா இரண்டு முறை வந்து நின்றுவிட்டார். "அந்த போனைக் குடுத்தீன்னா கரண்ட் பில்லைக் கட்டிட்டுத் தந்துடுவேன்" என்று கேட்கத்தான். மூன்றாவது முறை கேட்கவில்லை. கேபிளோடு சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு போய்க் கட்டிவிட்டார்.

அண்ணனைக் கிண்டல் செய்வது எளிது. ஆனால் இத்தனைக்கும் அவர் ஒரு பைசா வாங்கியதில்லை. பெரியப்பாவின் லேப்டாப் இன்றைக்கும் நன்றாகத்தான் ஓடுகிறது. கடையில் கொடுத்திருந்தால், "இதுக்குச் செலவு பண்றது வேஸ்ட் சார், புதுசு வாங்கிடுங்க" என்றிருப்பார்கள். ஆகவே உங்கள் வீட்டு அண்ணன் சாவிக்கொத்தோடு வந்தால் தாராளமாக உள்ளே விடுங்கள். பழையதை அழிப்பதற்கு முன், பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டி வைஃபை வருகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். இந்த வழி அண்ணனுக்கும் தெரியும், ஆனால் கேட்டால்தான் செய்வார். பக்கத்தில் ஒரு யூஎஸ்பி கேபிளும் இருக்கட்டும். சார்ஜ் மட்டும் ஏற்றுகிற மலிவுக் கேபிள் இதற்கு உதவாது, டேட்டாவும் போகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.