நவம்பர் மழையின் பொருள்

கேள்வி: கன்ஸ் அண்ட் ரோஸஸ் ராக் இசைக்குழுவினரின் 'நவம்பர் ரெயின்' பாட்டு காதலைப் பாடுகிறதா, பிரிவைப் பாடுகிறதா?

பதில்: இரண்டுக்கும் நடுவே மனிதர் தங்கிவிடும் அந்தத் திண்ணையைப் பாடுகிறது. காதலியின் கண்களில் அன்பு ஒடுங்கிவருவதைக் கண்டுகொண்ட ஒருவன், அவளைப் பழிக்காமலும் தன்னை உத்தமனாகக் காட்டிக்கொள்ளாமலும், ஹிருதயங்கள் மாறக்கூடியவையே என்று ஒப்புக்கொண்டு, தனிமையை நாடுவது யாவர்க்கும் இயல்பென்று அவளுக்கும் தனக்கும் சேர்த்தே சமாதானம் சொல்லுகிறான். குழுவின் பாடகர் ஆக்ஸல் ரோஸ் பல வருஷங்கள் மனத்தில் வைத்துச் செதுக்கி, 1991-இல் வெளியான இசைத்தட்டில் சேர்த்த இப்பாட்டு ஒன்பது நிமிஷத்துக்குச் சற்றே குறைவானது. நீளம் என்று குறைசொல்வோருக்கு, காதல் தேய்வதற்கு அவ்வளவு நேரமாவது வேண்டாமா என்பதே என் பதில்.

இப்பாட்டுக்காக எடுக்கப்பட்ட படக்காட்சியில் விவாக விருந்தின்மீது மழை கொட்டுகிறது. விருந்தினர் சிதறி ஓடுகின்றனர். அடுத்து மணமகளின் சவ அடக்கம். ஆயினும் மரணத்தைக் காட்டும் அப்படத்தைவிட, மாற்றத்தை மாத்திரம் சொல்லும் பாட்டே எனக்கு அதிகத் துயரம் தருவது. முடிந்துவிட்டதென்று நாம் நினைக்கும் தருணத்தில் பியானோவின் போக்கு திடீரென்று கடுமையடைய, குழுவின் ஸ்லாஷ் வாசிக்கும் கிடார் கதற, துணை வேண்டாத மனிதர் இல்லை என்று பல குரல்கள் திரும்பத் திரும்ப வாதாடுகின்றனவே, அதுவரை சொன்ன சமாதானங்களில் ஒன்றையும் அந்தக் காதலன் நம்பவில்லை என்பது அங்கேதான் வெளிப்படுகிறது.