வாய் பெரிசுதான், வழக்கு வேறு

கேள்வி: அமெரிக்காவின் போர் விமானப் போட்டியில் போயிங்கின் எக்ஸ்-32 தோற்றது, பார்க்க அசிங்கமாக இருந்ததால்தானாமே?

பதில்: மூக்குக்கடியில், காற்றை உள்ளிழுக்க, அவ்வளவு பெரிய வாயை வைத்துக்கொண்டு எதிரியைச் சிரிக்கவைத்தே வீழ்த்தியிருக்கலாம். ஆனால் வழக்கு வேறு. செங்குத்தாக இறங்க, எக்ஸ்-32 தன் இன்ஜின் புகையையே கீழே பீய்ச்சியது. அந்தச் சூடான காற்று மறுபடி வாய்க்குள் புகுந்தால் இன்ஜின் திணறும். பாரம் குறைக்க, வாயின் உதட்டையும் சக்கரக் கதவுகளையும் கழற்றிவிட்டுத்தான் செங்குத்தாக இறக்கிக் காட்டினார்கள். எதிர்ப்போட்டியாளர் லாக்ஹீடின் எக்ஸ்-35, விமானி முதுகுக்குப் பின்னால் ஒரு விசிறியைப் பொருத்திக் குளிர்ந்த காற்றைத் தள்ளியது. 2001 ஜூலையில் குறுகிய ஓட்டத்தில் எழும்பி, ஒலியை முந்தி, நின்ற வாக்கில் இறங்கியது, எல்லாம் ஒரே பயணத்தில்!

இன்னொரு கூத்து: கடற்படை நிபந்தனையை மாற்றியதால், போயிங் பறக்கவிட்டது ஒரு வடிவம், தயாரித்துத் தருவதாகச் சொன்னது வால் வைத்த வேறு வடிவம். அக்காவைக் காட்டித் தங்கையை நிச்சயம் பண்ணச் சொன்னால் மாப்பிள்ளை வீட்டார் யோசிக்கமாட்டார்களா? அக்டோபர் 26-ல் லாக்ஹீடுக்குத் தாம்பூலம் மாற்றிவிட்டார்கள்.

அழகுப் போட்டி என்கிறவர்கள், வென்ற எக்ஸ்-35-இலிருந்து பிறந்த எஃப்-35-ஐ ஒருமுறை பக்கவாட்டில் பார்க்கவும். அதற்கும் தொப்பை உண்டு.