அரசாங்கம் அரக்கும் வேலி

ஜெயபுரத்தில் ஒருவருடைய குசினிச் சுவர் பக்கத்துக் காணிக்குள் இரண்டு முழம் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். போன கதை வன்னியில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மீளக்குடியேறி வந்தபோது வேலியும் இல்லை, எல்லைக்கல்லும் இல்லை. செல்லடிக்குத் தப்பி நின்றது ஒரு பூவரசு. இந்திய வீட்டுத்திட்டக் காசு ஐந்தரை இலட்சம், அதுவும் கட்டம் கட்டமாகத்தான் வந்தது. அத்திவாரம் எழும்பாவிட்டால் அடுத்த காசு இல்லை. மனுசன் பூவரசை எல்லையாகப் பிடித்து அத்திவாரம் வெட்டத் தொடங்கினார்.

பிறகென்ன! ஜீ.எஸ். வருவார், காணிக்கிளையிலிருந்து ஆள் வரும், சேர்வேயர் வருவார், மத்தியஸ்த சபை கூடும். சரிவராவிட்டால் நீதிமன்றம், தவணைக்கு மேல் தவணை. அந்த இரண்டு முழத்தை வரைபடத்தில் கீறி, இலக்கம் போட்டு, முத்திரை குத்தும்வரை சட்டத்துக்கு நித்திரை வராது.

அப்படிப்பட்ட கூர்க்கண் சட்டத்தை ஒருக்கால் கேப்பாப்புலவுக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும். அங்கே சுவர் இல்லை, படைத் தலைமையகமே சனத்தின் காணிக்குள் போய் இருக்கிறது. 2012 இல் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமை மூடியபோது, அந்தச் சனத்தை ஊருக்கு விடாமல் சூரிபுரத்தில் இறக்கி, அதற்கு 'மாதிரிக் கிராமம்' என்று பெயரும் வைத்தார்கள். எதற்கு மாதிரி என்று கேட்க ஆளில்லை. 2017 மார்ச்சில் தங்கள் காணிக்கு முன்னாலேயே தெருவில் குந்தியவர்களிடம் எந்தச் சேர்வேயரும் நூல் பிடித்துக்கொண்டு வரவில்லை. முட்கம்பியைக் கண்டால் அளவைநூல் கட்டையாகிவிடும் போல.

ஆட்சியுரிமைச் சட்டத்தைப் பாருங்கள். அயலவன் காணியைப் பத்து வருடம் தடையின்றி ஆண்டால் உரித்துக் கேட்கலாம். அரச காணியை மூன்று தலைமுறை ஆண்டாலும் அந்தச் சட்டம் உதவாது, பெர்மிட்டைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கவேண்டியதுதான். ஆனால் எங்கள் காணியைத் தன்னுடையதாக்க அரசுக்கு எவ்வளவு காலம் வேணும்? மூன்று மாதம்! 2025 மார்ச் 28 இல் வந்த 2430 ஆம் இலக்க வர்த்தமானி, 1931 ஆம் ஆண்டுக் காணி நிர்ணயச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து, வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேல் பட்டியல் போட்டது. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அதற்குள். மூன்று மாதத்துக்குள் ஒருவரும் உரிமை கோராவிட்டால் அரச காணி.

ஆர் வந்து கோருவது? உறுதி முள்ளிவாய்க்காலில் எரிந்து போனது. உறுதிக்காரரில் ஒருவர் மண்டபம் முகாமில், ஒருவர் ரொறன்ரோவில், இன்னொருவர் காணாமல் ஆக்கப்பட்டோர் பட்டியலில். அவரையும் அடையாள அட்டையோடு வரச்சொல்வீர்களோ?

சனம் கத்தி, வழக்குப் போய், ஜூனில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. சனத்துக்கு உரித்துக் கொடுக்கத்தான் இந்த வர்த்தமானி என்று அதற்கு முன்னமே அரசாங்கம் விளக்கமும் சொல்லியாயிற்று. கொடுக்க வந்தவர், வீட்டுக்காரன் இல்லாத நேரமாய்ப் பார்த்து ஏன் ஐயா வேலி பாய்கிறீர்?