வாஷ்பேசின் பேதாபேத விசாரம்

குளியலறையில் வாஷ்பேசின் ஒன்று வைப்பதா, இரண்டு வைப்பதா? அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியில் புது வீடு கட்டுவோரை இப்போது பிடித்து ஆட்டும் வினா இது. இதற்கு மூலநூல் டைல்ஸ் கடையில் தரும் பட அட்டை. ஆறடிக் கிரானைட் மேடை, அதில் இரு பேசின்கள், மேலே இரு கண்ணாடிகள், நடுவே ஒரு பூச்செடி. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் படத்தில் இல்லை. நம் ஆய்வு அங்கே தொடங்குகிறது.

இரண்டு வேண்டும் என்போரைத் துவைதிகள் என்க. இவர்கள் கொள்கை அமெரிக்க வீடுகளில் பிறந்தது. கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் வேலைக்குக் கிளம்புகிறார்கள். ஒருவர் சவரம் செய்யும்போது மற்றவர் பல் விளக்கக் காத்திருக்கலாகாது. எனவே இரண்டாம் பேசின் என்பது இட நெருக்கடிக்கும் நேர நெருக்கடிக்கும் கண்ட மருந்து. மருந்தைக் குறை சொல்ல முடியாது. நோய் இவ்வூரில் உண்டா என்பதே கேள்வி. இருபேசின் மேடைக்குக் குறைந்தது 5 அடி நீளம் வேண்டும். முழங்கை இடிக்காமல் இருக்க 6 அடி. நம் கொத்தனார் குளியலறைக்கு விடுவதோ எட்டுக்கு நாலு, மிஞ்சினால் எட்டுக்கு ஐந்து. அதற்குள் ஆறடி மேடையை ஏற்றினால் குளிப்பவர் ஒருக்களித்து நின்றுதான் குளிக்க வேண்டும். "வாளிய வெளிய வச்சுக்கிடலாம்" என்பாரும் உளர். அது பொருந்தாது.

மேலும், நம் வீடுகளில் வாஷ்பேசின் குளியலறைப் பொருளே அன்று. அது கூடத்துச் சுவரில், சாப்பிட்ட கை காய்வதற்குள் போய்ச் சேரும் தூரத்தில் இருப்பது. பிள்ளை விபூதி பூசிக்கொள்வதும், வந்த விருந்தாளி யாரும் பார்க்காதபோது தலையைச் சீவிக்கொள்வதும் அங்கேதான். ஆகவே குளியலறையில் ஒன்று வைத்தாலே வீட்டுக்கு இரண்டு ஆகிவிடுகிறது. துவைதிகள் கேட்பது உண்மையில் மூன்றாவது.

ஒன்றே போதும் என்னும் அத்வைதிகளுக்கு ஊரின் பக்கபலம் உண்டு. ரமணர் 1879இல் பிறந்த திருச்சுழி பக்கத்தில்தான் இருக்கிறது. அவ்வூர்த் தலபுராணம் பிரளய வெள்ளத்தைப் பற்றிப் பேசுகிறது: உலகை மூழ்கடிக்க வந்த நீரைச் சிவபெருமான் நிலத்தில் ஒரு துளையிட்டு அதன் வழியே சுழித்து உள்ளே போகச் செய்தார். பிரளயத்துக்கே ஒரு துளை போதுமாக இருந்திருக்க, நாலு பேர் வாய் கொப்பளிக்க இரண்டு எதற்கு என்பது அத்வைதிகள் வாதம். இதற்குத் துவைதிகளிடம் இன்றுவரை மறுப்பு இல்லை.

சூனியவாதிகளும் உண்டு. வயதான அப்பத்தாக்கள் இம்மதத்தார். ஒரு செம்புத் தண்ணீரோடு கொல்லைக்குப் போய், முருங்கை மூட்டில் வாய் கொப்பளித்து வருவார்கள். செம்பு, மிஞ்சினால் ஒரு லிட்டர் பிடிக்கும். முருங்கையும் தழைக்கும். இவர்களைப் பழமைவாதிகள் என்று ஒதுக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன். கணக்குப் போட்டதும் துணிவு வரவில்லை.

கணக்கு இது. 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் கிராமத்து ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்தது. சாதாரணக் குழாயை முழுதாகத் திறந்தால் நிமிடத்துக்கு 8 லிட்டர் என்று கொள்வோம். திறந்துவிட்டபடி இரண்டு நிமிடம் பல் விளக்கினால் 16 லிட்டர். நாலு பேருக்கு 64. அதாவது பல் விளக்கி முடிப்பதற்குள் ஒருவருடைய ஒருநாள் பங்குக்கு மேலேயே சாக்கடைக்குப் போய்விட்டது. இந்த வறண்ட சீமையில் பேசினுக்காக மனிதர் காத்திருப்பதில்லை. மனிதரும் பேசினும் சேர்ந்து தண்ணீருக்காகக் காத்திருக்கிறார்கள். தண்ணீர் வரும் நாளில் குடங்கள் நிறையும் வரை பேசினை யாரும் ஏறிட்டும் பார்ப்பதில்லை.

அப்படியானால் இங்கே இரண்டாக இருப்பது எது? தண்ணீர்தான். நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. முன்னது திட்டத்தில் வருவது. பின்னது போர் போட்டு இறைப்பது. உப்புத் தண்ணியில் சோப்பு நுரைக்காது. குழாய் மூக்கில் வெள்ளையாகப் படிந்து, ஆசிட் ஊற்றித் தேய்த்தாலும் மறுமாதம் மீண்டும் பூக்கும். இங்கேதான் நான்காம் மதமாகிய விசிஷ்டாத்வைதம் பிறக்கிறது: பேசின் ஒன்று, குழாய் இரண்டு. கை கழுவ உப்பு, வாய் கொப்பளிக்க நல்லது. வெள்ளைக்காரன் வெந்நீருக்கு ஒன்று, பச்சைத் தண்ணீருக்கு ஒன்று என்று பேசினில் இரண்டு துளை விட்டான். வெயிலே டேங்கை அடுப்பாக்கும் ஊரில் முதல் துளை வீணாகக் கிடந்தது. அதற்கு இங்கே வேலை கொடுத்தாயிற்று. மாடியில் இரண்டு டேங்க் வைக்க வசதி உள்ளவர்களுக்கு இதைவிடச் சரியான ஏற்பாடு கிடையாது என்பது என் துணிபு.

இனித் துவைதிகளின் கடைசி அரண்: "புழங்காவிட்டால் போகிறது, அழகுக்கு இருக்கட்டுமே." இதை ஒரு கடிகாரக்காரர் முன்பே உடைத்துவிட்டார். 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் என்னும் ஸ்காட்லாந்துக் கடிகார வல்லுநர் காப்புரிமை பெற்ற கழிப்பறையில் எஸ் வடிவ வளைகுழாய் இருந்தது. வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கிச் சாக்கடை நாற்றத்தை மறித்து நிற்கும். பேசினுக்குக் கீழே நாம் மாட்டும் பாட்டில் டிராப் அதே வம்சம். புழங்காத பேசினில் அந்தத் தண்ணீர் வற்றிவிடும். சித்திரை வெயிலில் சீக்கிரமே வற்றும். வற்றினால் நாற்றம் வரும், பின்னாலேயே கரப்பான் வரும். இதை ஒரு பிளம்பர் வீட்டுக்காரரிடம் விளக்கிய முறை எந்த ஆய்வேட்டையும் விஞ்சியது:

"அண்ணாச்சி, ரெண்டாவது பேசினு சும்மா இருக்காது. வாராவாரம் ஒரு செம்பு தண்ணி குடிக்கும்."

"ஆரும் புழங்காட்டியுமா?"

"புழங்காததுனாலதான் அண்ணாச்சி."

கழிவுநீர் போகும் வழியின் சிக்கல் வேறு இருக்கிறது. கரிசல் மண் தண்ணீரை எளிதில் உறிஞ்சாது. நனைந்தால் ஊதும், காய்ந்தால் வெடிக்கும். அதனூடே புதைத்த குழாயில் இணைப்பு கூடக் கூடக் கசிவும் கூடும்.

இத்தனைக்குப் பிறகும் சம்பந்தி வீட்டார் இரண்டு வைத்திருக்கிறார்கள் என்று வீட்டம்மா சொன்னால், மேற்கண்ட வாதங்கள் எவையும் செல்லா. அப்போது செய்யத்தக்கது ஒன்று உண்டு. மொட்டை மாடித் தூண்களில் வருங்கால மாடிக்கு என்று கம்பியை நீட்டிவிட்டு வைக்கும் வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதே முறையில் இரண்டாம் பேசினுக்கும் சுவரில் தண்ணீர்க் குழாயையும் கழிவுக் குழாயையும் இழுத்து, டம்மி போட்டு அடைத்துவிட வேண்டும். கிரானைட்டில் பென்சிலால் வட்டம் மட்டும் போட்டு, துளையை வெட்டாமல் விட வேண்டும். கேட்பவர்களுக்கு, "பொண்ணு கல்யாணத்துக்குள்ள மாட்டிருவோம்" என்று சொல்லிக்கொள்ளலாம்.