‘இன்னும் பத்து நிமிஷந்தான்’: கேமரன் மலைக் கால அளவை குறித்து ஓர் ஆய்வு

மலையேற ஆகும் நேரத்துக்கு 1892இல் ஒரு விதி வகுத்தவர் ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் நெய்ஸ்மித். மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம். 2,000 அடி ஏற்றத்துக்கு இன்னொரு மணி. அதற்கு முந்தின ஆண்டுதான் அவர் நாட்டவரான சர் ஹியூ மன்றோ, ஸ்காட்லாந்தில் 3,000 அடியைத் தாண்டும் மலைகளுக்கெல்லாம் பட்டியல் போட்டிருந்தார். அத்தனையையும் ஏறி முடிக்காமலே 1919இல் காலமானார். இன்று 282 மலைகள் கொண்ட அந்தப் பட்டியலை ஊர்ச்சனம் அவருக்காக ஏறித் தீர்த்துக்கொண்டிருக்கிறது.

அந்நாட்டின் ஆக உயர்ந்த பென் நெவிஸ் 1,345 மீட்டர். நம் கேமரன் மலையின் தானா ராத்தா கடைத்தெருவே 1,400 மீட்டருக்கு மேல். ஆகவே, அங்கே ரொட்டி சானாய் சாப்பிட உட்காருகிற எவரும் ஸ்காட்லாந்து முழுவதையும் வென்றவராகிறார். அவர் பஸ்ஸில் வந்து இறங்கினார் என்பது ஆய்வுக்குப் புறம்பானது.

ஆய்வுக்களமாகக் குனோங் பிரிஞ்சாங்கை ஏற்பதற்கில்லை. உச்சிவரை ரோடு போட்டுவிட்டார்கள். எஞ்சியது குனோங் ஜாசார். தானா ராத்தாவிலிருந்து பத்தாம் எண் பாதை. கூட்டமில்லை. வேர்கள் குறுக்கும் நெடுக்குமாய்க் கிடக்கும். சேற்றிலிருந்து காலை உருவினால் செருப்பு உள்ளேயே தங்கிவிடும். மூச்சு வாங்க நின்றால் அட்டை காலுறையில் இடம் பிடிக்கும்.

இங்கே நெய்ஸ்மித் விதி செல்லாது. “இன்னும் எவ்வளவு தூரம்ணே?” என்று எதிரே இறங்குபவரைக் கேட்டால், “பத்து நிமிஷந்தான் தம்பி” என்பார். அரை மணி நேரம் ஏறியபின் எதிர்ப்படுபவரும் அதே பத்து நிமிஷம். மலாய்க்காரரைக் கேட்டால் “செப்புளு மினிட்”. மொழி மாறினாலும் அளவை மாறவில்லை.

காரணம் மூன்றாக இருக்கலாம். இறங்குபவருக்கு ஏறிய வலி மறந்துவிடுகிறது. அல்லது நம் முகத்தைப் பார்த்து இரக்கப்படுகிறார். அல்லது அவர் ஏறியபோது அவருக்கும் யாரோ இதையே சொன்னார்கள், அந்தக் கடனை நம்மிடம் தீர்க்கிறார். மூன்றாவதே என் கட்சி. 1967 மார்ச் 26 அன்று இதே மலைநாட்டில் உலாவப் போன தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்சன் இன்றுவரை திரும்பவில்லை. அவரிடம் யார் எத்தனை நிமிஷம் சொன்னார்களோ!

விதிவிலக்கு தோட்டத்துச் சனம் மட்டுமே. ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலம் முதல், கொழுந்துக் கூடையோடு சரிவுகளில் ஏறி இறங்கிய தமிழர்களின் வழிவந்தவர்கள். (அவர்கள் ஏறிய ஏற்றத்துக்கு எந்த மன்றோவும் பட்டியல் போடவில்லை. இப்போது அந்தச் சரிவுகளில் வங்காளதேசத்து இளைஞர்களும் நேப்பாளிகளும் நிற்கிறார்கள்.) அந்தத் தோட்டத்துச் சனத்திடம் நேரம் கேட்டால் வானத்தைப் பார்த்துவிட்டு, “மழைக்கு முன்ன எறங்கிடுங்கய்யா” என்பார்கள். இந்த ஆய்வில் கிடைத்த ஒரே நம்பகமான தகவல் அதுதான்.

எனவே ஜாசார் ஏறுவோர் காலையிலேயே கிளம்புங்கள். இறங்கும்போது யாராவது மூச்சிரைக்கக் கேட்டால் பத்து நிமிஷம் என்றே சொல்லுங்கள். உண்மையைச் சொன்னால் பாதியில் திரும்பிவிடுவார்.