மற்றவை: 0–2

தேர்தல் நேரத்தில் நாளிதழை முதல் எழுத்திலிருந்து அச்சிட்டவர் முகவரி வரை ஒன்றுவிடாமல் படிக்கிற ஆள் உங்கள் தெருவில் இருந்தால், அவர் ஏதோ ஒரு சுயேச்சையின் ஆதரவாளர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். பெரிய கட்சிக்காரருக்கு அந்தக் கவலை கிடையாது. அவருடைய தலைவர் தும்மினால் முதல் பக்கம், இருமினால் இரவு ஒன்பது மணி விவாதம். வரி விளம்பரத்துக்கும் ‘காணவில்லை’க்கும் நடுவில் கண்ணை இடுக்கிக்கொண்டு தேட வேண்டியவர்கள் நாங்கள்தான்.

எங்கள் வேட்பாளர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். தொகுதியில் பாதிப் பேர் தன்னிடம் குட்டு வாங்கியவர்கள், அந்த விசுவாசம் ஓட்டாக விழும் என்று அவர் நம்பினார். “குட்டு வாங்குனவன் எப்படிங்க ஓட்டுப் போடுவான்?” என்று வீட்டம்மா மட்டும் கேட்டார். சுயேச்சை என்பதால் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். ஆள் பிடித்தோம். 10,000 ரூபாய் டெபாசிட் கட்டினோம். கேட்ட சின்னமெல்லாம் கைநழுவி, கடைசியில் ஒதுக்கப்பட்டது பிரட் டோஸ்டர்.

எங்கள் ஊரில் பிரட் என்றால் காய்ச்சல்காரர் சாப்பிடுவது. அதைச் சுட்டு மேலே துப்புவதற்கு ஒரு பெட்டி உண்டு என்று வீடு வீடாக விளக்குவதிலேயே பாதிப் பிரசாரம் தீர்ந்துபோனது. தையல்கடை அண்ணன் அசரவில்லை. “2017-ல ஆர்.கே.நகர்ல தினகரனுக்குக் குக்கர் குடுத்தாங்க. சுயேச்சையா நின்னு நாப்பதாயிரத்துக்கு மேல வித்தியாசத்துல ஜெயிக்கலையா? அதுவும் அடுப்படிச் சாமான், இதுவும் அடுப்படிச் சாமான்” என்றார். தினகரனுக்குப் பின்னால் இருந்த ஆள் பலத்தையும் எங்களுக்குப் பின்னால் இருந்த பத்துப் பேரையும் நான் ஒப்பிட்டுப் பேசவில்லை. ஆதரவாளர் கூட்டத்தில் கணக்குச் சொல்கிறவன் துரோகி, வேட்பாளரே கணக்கு வாத்தியாராக இருந்தாலும்.

முதலில் எந்தப் பத்திரிகையிலும் ஒரு வரிகூட வரவில்லை. “இருட்டடிப்பு” என்றார் அண்ணன். பிறகு ஒரு நாள் வந்தது. பெரிய கட்சி வேட்பாளர்கள் நான்கு பேரைப் பெயர் சொல்லி எழுதிவிட்டு, ‘உள்ளிட்ட 23 பேர் களத்தில் உள்ளனர்’ என்று முடித்திருந்தார்கள். “இந்த இருபத்து மூணுல நம்ம சார் இருக்காருல்ல?” என்று உறுதிப்படுத்திக்கொண்டு அண்ணன் அந்தப் பேப்பரில் ஐந்து பிரதி வாங்கினார்.

பத்திரிகைக்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. 1996-இல் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர் நின்றார்கள். வாக்குச்சீட்டையே புத்தகம் போல அச்சடிக்க வேண்டியதாயிற்று. அத்தனை பேருக்கும் ஆளுக்கு ஒரு வரி ஒதுக்கியிருந்தால் அன்றைக்கு மழைச் செய்திக்குக்கூட இடம் இருந்திருக்காது. இதைச் சொன்னபோது அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்து, “நீங்க அவங்க ஆளா?” என்றார்.

ஒரு வழியாகப் பகுதிநேர நிருபர் ஒருவர் பைக்கில் வந்தார். ஏரி ஆக்கிரமிப்பு பற்றிச் சார் கைப்பட எழுதிய நான்கு பக்க வாக்குறுதியைக் கொடுத்தோம். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “டோஸ்டர் இருக்கா?” என்றார். மறுநாள் ‘தேர்தல் துளிகள்’ பகுதியில் செய்தி: ‘பிரட் சுட்டு வாக்குச் சேகரித்த வேட்பாளர்’. ஏரி எங்கேயும் இல்லை. சாரின் இன்ஷியல் ‘மு’ என்பது ‘சு’ ஆகியிருந்தது. படத்தில் சாரின் முகத்தைப் புகை மறைத்திருந்தது.

தையல்கடைக்குள் உடனே அவசரக் கூட்டம். அண்ணன் கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பை எடுத்துச் செய்தியை அளந்தார். நீளம் நாலரை, அகலம் ரெண்டு. ஆளுங்கட்சி வேட்பாளர் கோயிலில் தேங்காய் உடைத்ததையும் அளந்தார். டேப்பை முக்கால்வாசி இழுக்க வேண்டியிருந்தது. “நக்கல் பண்றாங்கன்னா பயந்துட்டாங்கன்னு அர்த்தம்” என்றார். சாரின் மருமகனுக்கு வேறு கோணம்: “இல்லண்ணே, மாமாவோட கொள்கை வெளிய வந்துடக் கூடாதுன்னுதான் பிரட்டைப் போட்டு மறைச்சிருக்காங்க.” அப்புறம்தான் யாரோ கவனித்தார்கள், படத்தின் ஓரத்தில் டோஸ்டரைப் பிடித்திருந்த கை அண்ணனுடையது. அதன்பிறகு அவர் அந்தப் பத்திரிகையைப் பற்றிக் கொஞ்சம் அடக்கியே பேசினார்.

எழுதவில்லை என்றால் சதி, எழுதினால் நக்கல், புகழ்ந்து எழுதினால்? அதற்கும் ஒரு வழி இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு செய்தி போடுகிறார்களா என்று பார்க்க மாவட்டந்தோறும் தேர்தல் ஆணையத்தின் ஊடகக் கண்காணிப்புக் குழு உண்டு. சந்தேகம் வந்தால் வேட்பாளருக்கு நோட்டீஸ் வரும். எங்களுக்கு அப்படி ஒரு நோட்டீஸ் வராதா என்று ஏங்கினோம். வந்திருந்தால் ஃப்ரேம் போட்டுக் கடையில் மாட்டியிருப்போம்.

எங்கள் வயிற்றெரிச்சல் முழுவதும் மேட்டூர் பத்மராஜன் மேல்தான். ‘தேர்தல் மன்னன்’ என்று பெயர் எடுத்தவர். இருநூறுக்கும் மேற்பட்ட தேர்தல்களில் நின்று தோற்றவர். அவர் மனுத் தாக்கல் செய்தால் தேசியப் பத்திரிகைகளில் படம். “ஜெயிச்சாலும் நியூஸ், இப்படி மொத்தமாத் தோத்தாலும் நியூஸ். நம்மள மாதிரி சில்லறையில தோக்கறவங்களுக்குத்தான் ஒண்ணும் இல்ல” என்று மருமகன் பெருமூச்சு விட்டார்.

கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்த பிறகுதான் ‘எக்ஸிட் போல்’ கணிப்பைக் காட்டலாம் என்பது சட்டம். அன்று மாலை டீக்கடை டிவியில் காட்டினார்கள். இந்தக் கூட்டணிக்கு இத்தனை, அந்தக் கூட்டணிக்கு இத்தனை, கீழே, மற்றவை: 0–2.

“ரெண்டுல ஒண்ணு நம்மளுது” என்றார் அண்ணன்.

“இன்னொண்ணு?”

“யாராவது வெச்சுக்கட்டும்.”

“அப்ப அந்த ஜீரோ?”

“அது சேனல் முதலாளி சொல்லச் சொன்னது.”

அன்றிரவு 234 தொகுதிகளிலும் எத்தனை சுயேச்சைகளின் ஆட்கள் அந்த இரண்டைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டார்களோ.

வாக்கு எண்ணிக்கை அன்று எட்டு மணிக்குத் தபால் வாக்கில் தொடங்கி ஒவ்வொரு சுற்றாகப் பார்த்தோம். சேனல் சேனலாக மாற்றினோம். சாரின் பெயர் எங்கும் ஓடவில்லை. தேர்தல் ஆணையத்தின் இணையப் பக்கத்தில்தான் இருந்தது. சரியான இன்ஷியலோடு, நோட்டாவுக்கு நாலு பேர் தள்ளிக் கீழே. தபால் வாக்கு என்ற கட்டத்தில் ஒன்று என்று போட்டிருந்தது. தேர்தல் பணிக்குப் போன மகள் போட்டது. “பாத்தீங்களா, அரசு ஊழியர்கள் நம்ம பக்கம்” என்றார் அண்ணன்.

செல்லுபடியான வாக்கில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் டெபாசிட் திரும்பும். மறுநாள் பேப்பரில் ‘21 பேர் டெபாசிட் இழந்தனர்’ என்று வந்தது. யார் யார் என்று பெயர் போடவில்லை. அந்த ஒரு நாள் மட்டும் எங்கள் கடையில் யாரும் இருட்டடிப்பைக் கண்டிக்கவில்லை.

அடுத்த தேர்தலிலும் சார் நிற்கிறார். எனவே பத்திரிகை ஆசிரியர்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள்: கிண்டல் செய்யுங்கள், திட்டுங்கள், நாலரை அங்குலத்தை மூன்றாகக்கூடக் குறைத்துக்கொள்ளுங்கள். இன்ஷியல் ‘மு’.