தையல் தெரியும் கதை

கேள்வி: ஜப்பானிய அனிமே தொடரான 'சைக்கோ-பாஸ்' இரண்டாம் பருவத்தில் ஏன் சோபிக்கவில்லை?

பதில்: 2012-இல் தொடங்கிய முதல் பருவத்தை 22 அத்தியாயங்களில் நிதானமாக விரித்த எழுத்தாளர் கென் உரோபுச்சி, மனிதர் மனத்தை எண்ணால் அளந்து குற்றவாளியென முன்கூட்டியே தீர்ப்பளிக்கும் சிபில் என்ற அமைப்பின் எதிரே, மகிஷிமா என்ற புத்தகப் பிரியனை நிறுத்தினார். நாயகியான காவல் அதிகாரி அகானேயின் தோழி கழுத்தில் அவன் கத்தி வைத்திருக்க, எண் உயர்ந்தால் மட்டுமே சுடும் சிபிலின் துப்பாக்கி காட்டிய எண் ஏறுவதற்குப் பதிலாக இறங்கிக்கொண்டே போக, சுடவியலாமல் அகானே பரிதவித்து நின்ற காட்சியை யார் மறப்பார்?

2014-இல் வந்ததோ 11 அத்தியாயங்கள்தாம். எழுத்தாளரும் மாறினார், தயாரித்த நிலையமும் மாறிற்று. புதிய வில்லன் கமுயி, விமான விபத்தில் மாண்ட 184 பேரின் அவயவங்களால் பிழைத்த தேகி. ஆகையால் சிபிலின் கண்ணுக்கு அவன் மனிதனே அல்லன். கற்பனை அபாரமானதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் மகிஷிமா வாய் திறந்தால் தர்க்கம் பிறந்தது. இவன் வந்தால் பிணங்கள் விழுகின்றன, அவ்வளவே. அத்தனை அவயவங்களையும் தையல் தெரியாமல் ஒட்டிய வைத்தியர்கள், கதையை ஒட்டவேண்டிய தினத்தில் மட்டும் ரஜா எடுத்துக்கொண்டார்கள் போலும்!